எழுபத்தேழு மலையும் தெரிகிறதா?

மகா சிவராத்திரிக்கு இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பே மாதேஸ்வரன் மலைச் சாலைகளில் கூட்டம் தொடங்கிவிடும். தோளில் ஒரு பை, கையில் ஒரு தடி, காலில் தேய்ந்த ரப்பர் செருப்பு. சிலருக்கு அதுவும் இல்லை. வெயிலுக்குப் பயந்து பகலில் மரத்தடியில் படுத்துக்கொள்கிறார்கள். பொழுது சாய்ந்ததும் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு மறுபடி நடக்கிறார்கள். 'உகே உகே மாதப்பா' என்ற குரல் இருட்டில் ஒரு வளைவிலிருந்து அடுத்த வளைவுக்குப் போகிறது.

மைசூரிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் இந்த மலை, 1997 வரை மைசூர் மாவட்டத்தில் இருந்தது. இப்போது சாமராஜநகர் மாவட்டம். அதற்கும் முன்னால், 1956ல் மொழிவாரி மாநிலங்கள் பிரிக்கப்படும் வரை, கொள்ளேகால் தாலுகா முழுவதும் சென்னை மாகாணத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது. எல்லைக் கோடு மாறினாலும் பக்தர்கள் மாறவில்லை. சேலம், தர்மபுரி, ஈரோடு மாவட்டங்களில் மாதேஸ்வரனைக் குலதெய்வமாகக் கும்பிடும் குடும்பங்கள் ஏராளம். அவர்கள் மேட்டூர், கொளத்தூர், பாலாறு வழியாக வருகிறார்கள். கொள்ளேகால் பக்கத்தவர்கள் தாளுபெட்டாவிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர் நடந்து மலையேறுகிறார்கள். கனகபுரா பக்கத்திலிருந்து வருகிறவர்கள் காவிரியை நடந்தே கடந்து காட்டுக்குள் நுழைகிறார்கள். எந்த வழியாக வந்தாலும் காட்டைத் தொடாமல் கோயிலுக்குப் போக முடியாது. 2013ல் இந்தக் காட்டில் 900 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

ஒரு காலத்தில் இந்தக் காடு என்றாலே வீரப்பன் பயம். 2004 அக்டோபரில் வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு அந்தப் பயம் போயிற்று. யானை பயமும் சிறுத்தை பயமும் இன்றும் இருக்கின்றன. வழி நடப்பவர்கள் அவற்றை அறிந்தே கூட்டமாகப் போகிறார்கள். ஆனால் கூட்டமாகப் போவதால் தப்பிக்க முடியாத ஆபத்து ஒன்று உண்டு. அதை யாரும் ஆபத்தாகவே நினைப்பதில்லை. அது காட்டுத் தீயின் புகை.

மாதேஸ்வரன் மலையில் பெரிய திருவிழாக்கள் தீபாவளி, சிவராத்திரி, உகாதி ஆகிய மூன்றும். தீபாவளி மழைக்காலத்தில் வருகிறது. காடு பச்சையாக இருக்கும். சிவராத்திரியும் உகாதியும் வருவது பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான காலத்தில். அதுதான் தீயின் பருவம். இது இலையுதிர் காடு. மழை நின்று இரண்டு மூன்று மாதங்கள் ஆனதும் மரங்கள் இலையைக் கொட்டிவிடும். தரை முழுக்கச் சருகு, காய்ந்த புல், மூங்கில், புதர் புதராக உண்ணிச்செடி. ஒரு பொறி போதும்.

2019 பிப்ரவரியின் கடைசி வாரம் இதற்குச் சாட்சி. இதே சாமராஜநகர் மாவட்டத்தில் பந்திப்பூர் புலிகள் காப்பகம் பற்றி எரிந்தது. 10,000 ஏக்கருக்கு மேல் கருகியது. கோபாலசுவாமி பெட்டா வட்டாரமும் தப்பவில்லை. விமானப் படை ஹெலிகாப்டர்கள் வந்து தண்ணீர் கொட்ட வேண்டியிருந்தது. அந்த வருடம் சிவராத்திரி மார்ச் 4ஆம் தேதி. தீ அணைந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்னால், 2014 மார்ச்சில், திருமலையைச் சுற்றியுள்ள சேஷாசலம் காடு எரிந்தபோதும் ஹெலிகாப்டர்கள் வந்தன. தீயின் நாட்களும் திருவிழா நாட்களும் காலண்டரில் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் இருக்கின்றன. அவை ஒரே கட்டத்துக்குள் வருவது வெறும் நேர விஷயம்.

தீ என்றால் எல்லோருக்கும் பயம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றத்துக்குப் போனவர்களில் 20க்கும் மேற்பட்டோர் இறந்ததைத் தமிழ்நாடு இன்னும் மறக்கவில்லை. புகை என்றால் அந்தப் பயம் வருவதில்லை. 'எங்கேயோ எரிகிறது' என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு நடக்கிறார்கள். கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது. ஆஸ்திரேலியாவில் 2019-20 கோடையில் எரிந்த காட்டுத் தீயில் நேரடியாகச் சிக்கி இறந்தவர்கள் 33 பேர். அந்தப் புகையால் இறந்தவர்கள் 417 பேர் இருக்கலாம் என்று 2020ல் ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். இதய நோய்க்கும் மூச்சு நோய்க்கும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் 3,000க்கும் அதிகம். அவர்களில் பெரும்பாலோர் தீயைக் கண்ணால் பார்த்தே இருக்கமாட்டார்கள்.

காரணம் எளிது. புகையில் கண்ணுக்குத் தெரிகிற சாம்பல் பெரிய கெடுதல் செய்வதில்லை. மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். கெடுதல் செய்வது 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. இவை நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகின்றன. மிகச் சிறியவை ரத்தத்திலும் கலக்கின்றன. அதனால்தான் புகையில் ஆஸ்துமாக்காரருக்கு இழுப்பு வருவது போலவே இதய நோயாளிக்கு மாரடைப்பும் வருகிறது. ஒரு நாள் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் இத்துகள் 60 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியாவின் வரம்பு. உலக சுகாதார நிறுவனம் 2021ல் சொன்ன வரம்பு 15. காட்டுத் தீக்கு அருகில் இது பல நூறைத் தாண்டும்.

இதில் நடப்பவரின் நிலைமை தனி. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை இழுக்கிறார். சுமையோடு மலை ஏறுகிறவர் அதைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கிறார். மூக்கால் போதாமல் வாயால் இழுக்கிறார். மூக்கின் வடிகட்டலும் போய்விடுகிறது. ஒரே புகையில் பஸ்ஸில் போகிறவரும் நடந்து போகிறவரும் இருந்தால், நடப்பவரின் நெஞ்சுக்குள் போகும் புகை பல மடங்கு.

அடுத்தது, இரவு. நடப்பவர்கள் நல்லது என்று நினைத்துத் தேர்ந்தெடுக்கும் நேரம் இதுதான். வெயிலைப் பொறுத்தவரை நல்லதுதான். புகையைப் பொறுத்தவரை அதுவே மோசமான நேரம். பகலில் சூரியன் தரையைச் சூடாக்குகிறது. சூடான காற்று மேலே எழும்போது புகையையும் தூக்கிக்கொண்டு போகிறது. பொழுது சாய்ந்ததும் தரை குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. சரிவு வழியாக இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. அதற்கு மேலே சூடான காற்று ஒரு மூடி போல் நிற்கிறது. புகை அந்த மூடிக்குக் கீழே மாட்டிக்கொள்கிறது. மறுநாள் வெயில் ஏறி மூடி கலையும்வரை, அதாவது காலை 9, 10 மணி வரை, அது அங்கேயே கிடக்கும். போதாததற்கு இரவில் தீ கொழுந்துவிட்டு எரியாமல் கட்டைகளில் கனன்றுகொண்டிருக்கும். கொழுந்துவிட்டு எரியும் மரத்தைவிடக் கனலும் மரம்தான் நுண்துகளையும் கார்பன் மோனாக்சைடையும் அதிகம் கக்கும். நடைபாதைகளோ ஓடை ஓரமும் பள்ளத்தாக்குமாகத்தான் போகின்றன. பகலில் மலை உச்சியில் தெரிந்த புகை இரவில் பாதைக்கே இறங்கி வந்திருக்கும்.

இருட்டில் அது கண்ணுக்குத் தெரியாது. மூக்கையும் நம்ப முடியாது. எந்த வாடையானாலும் சில நிமிடங்களில் மூக்குக்குப் பழகிவிடும். வாடை குறைந்தது போல் இருந்தால் புகை குறைந்தது என்று அர்த்தமில்லை. செல்போனில் வரும் காற்றுத் தரக் குறியீடும் இங்கே அதிகம் உதவாது. அது நகரத்தில் வைத்த கருவி சொல்லும் செய்தி. நடுக்காட்டுப் பள்ளத்தில் தேங்கிய புகை அதற்குத் தெரியாது.

அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது? அமெரிக்காவின் நியூமெக்சிகோ மாநில சுகாதாரத் துறை, கருவி இல்லாத மலைக் கிராமத்து மக்களுக்கு ஒரு எளிய வழி சொல்லிக்கொடுத்திருக்கிறது. பகலில், சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, எவ்வளவு தூரம் தெளிவாகத் தெரிகிறது என்று பார்க்க வேண்டும். அவர்கள் மைலில் சொல்வதைக் கிலோமீட்டராக்கினால் இப்படி: 8 கிலோமீட்டருக்கு அப்பால் தெரியாவிட்டால் குழந்தைகள், முதியவர்கள், கர்ப்பிணிகள், நெஞ்சு நோயாளிகள் வெளியே அலையக் கூடாது. 5 கிலோமீட்டருக்குக் குறைந்தால் அவர்கள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். மற்றவர்களும் உடலை வருத்தும் வேலையைக் குறைக்க வேண்டும். ஒன்றரைக் கிலோமீட்டருக்குக் குறைந்தால் யாருக்கும் நல்லதல்ல. பனியோ மழை ஈரமோ இருக்கும்போது இந்தக் கணக்கு பொருந்தாது.

மாதேஸ்வரன் மலைக்கு இதைவிடப் பொருத்தமான அளவுகோல் இல்லை. மாதப்பனை எழுபத்தேழு மலைகளுக்கு உடையவன் என்று பக்தர்கள் சொல்கிறார்கள். அடுத்தடுத்த மலை வரிசைகள்தான் இங்கே மைல் கல். அடிவாரத்துக் கடைக்காரரையோ வனக் காவலரையோ கேட்டால், எந்த வரிசை எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடுவார். மாலையில் கிளம்புமுன் வெளிச்சம் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். வழக்கமாகத் தெரியும் தூரத்து வரிசை மங்கியிருந்தால் அன்றிரவு பள்ளத்தில் என்ன காத்திருக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிடும். அன்றைக்கு இரவு நடையை விட்டுவிட்டு, பஸ் பிடிப்பதோ மறுநாள் முற்பகல் வரை காத்திருப்பதோதான் புத்திசாலித்தனம்.

சிலர் புகை இருக்கும் நாளில் நடக்கவே கூடாது. ஆஸ்துமா, நாள்பட்ட மூச்சு நோய், இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், வயதானவர்கள், குழந்தைகள். குழந்தைகளுக்கு எடை குறைவு. ஆனால் எடைக்கு அவர்கள் இழுக்கும் காற்று பெரியவர்களைவிட அதிகம். தோளில் தூக்கிக்கொண்டு போனாலும் அவர்கள் இழுப்பது அதே புகைதான்.

சிவராத்திரிக்கு உரிய ஒரு சிக்கலும் உண்டு. விரதம் என்பதற்காக மாத்திரையையும் விட்டுவிடுகிறார்கள். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் உள்ள மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்குவதால் விரதம் கெட்டுவிடாது. விட்டால் உடம்பு கெடும். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் விரதத்துக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆஸ்துமாக்காரர்கள் இன்ஹேலரைப் பைக்கு அடியில் வைக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொள்வது நல்லது. கூட வருகிறவருக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

முகக் கவசத்தைப் பற்றி நிறையத் தவறான நம்பிக்கைகள் இருக்கின்றன. துண்டை நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டால் போதும் என்பது அதில் முதலாவது. ஈரத் துண்டு சாம்பலைத் தடுக்கும். தொண்டைக்கு இதமாகவும் இருக்கும். நுண்துகள் அதன் வழியாகத் தாராளமாகப் போகும். ஆபத்து என்னவென்றால், இதம் கிடைத்ததும் இன்னும் இரண்டு கிலோமீட்டர் போகலாம் என்று தோன்றும். கோவிட் காலத்தில் எல்லோரும் மாட்டிக்கொண்ட நீல நிற மெல்லிய கவசமும் ஓரங்களில் காற்றை விட்டுவிடும். உதவுவது என்95 அல்லது எஃப்எஃப்பி2 என்று அச்சிட்ட கவசம். அதுவும் முகத்தோடு இடைவெளி இல்லாமல் ஒட்டினால்தான். விரதத்துக்காகத் தாடி வளர்த்தவருக்கு அது ஒட்டாது. சின்னக் குழந்தைகளுக்கு அளவு பொருந்தாது. எந்தக் கவசமும் கார்பன் மோனாக்சைடைத் தடுக்காது. அதை மாட்டிக்கொண்டு மலை ஏறினால் மூச்சு வாங்கும். அடிக்கடி உட்கார வேண்டியிருக்கும். ஆகவே கவசம் என்பது புகையிலிருந்து வெளியே வருவதற்கு. புகைக்குள் தொடர்ந்து போவதற்கு அனுமதிச் சீட்டு அல்ல.

வெல்லம் தின்றால் நெஞ்சில் படிந்த புகை இறங்கிவிடும் என்பது இன்னொரு நம்பிக்கை. வெல்லம் போவது வயிற்றுக்கு. புகை போவது நுரையீரலுக்கு. இரண்டுக்கும் வழி வேறு. தண்ணீர் குடிப்பது அவசியம்தான். ஆனால் அது வெயிலுக்கும் நடைக்கும் உள்ள பரிகாரம், புகையைக் கழுவாது.

நடுவழியில் திரும்ப வேண்டிய அறிகுறிகள் சில உண்டு. நின்று ஐந்து நிமிடம் ஆன பிறகும் மூச்சு அடங்காமல் இருப்பது, நெஞ்சில் இறுக்கம் அல்லது வலி, விடாத இருமல், தலைவலியோடு வாந்தி வருவது, தலை சுற்றல், பேச்சு குழறுவது, உதடு நீலம் பூப்பது. இதில் எது வந்தாலும் அவரைத் தனியே உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் போகக் கூடாது. பள்ளத்தில் உட்கார வைப்பதும் தவறு. புகை குறைந்த இடத்துக்கு, முடிந்தால் வண்டி வரும் சாலைக்குக் கொண்டுவர வேண்டும். 108 ஆம்புலன்ஸ் கர்நாடகத்திலும் உண்டு, தமிழ்நாட்டிலும் உண்டு. ஆனால் காட்டுப் பாதையில் எல்லா இடத்திலும் செல்போன் சிக்னல் கிடைப்பதில்லை. ஆம்புலன்ஸ் சாலை வரைக்கும்தான் வரும். சாலையை விட்டு எவ்வளவு தூரம் விலகியிருக்கிறோம் என்று குழுவில் ஒருவராவது கணக்கு வைத்திருக்க வேண்டும்.

தீயே எதிரில் வந்துவிட்டால் விதி வேறு. தீ மேட்டில் ஏறும்போது மனிதனைவிட வேகமாகப் போகும். சரிவில் மேல் நோக்கி ஓடுவது மரணத்தை நோக்கி ஓடுவது. பக்கவாட்டிலோ கீழ்ப்புறமோ விலகி, தார்ச் சாலை, பாறை, மணல் ஓடை, ஏற்கெனவே எரிந்து கறுத்த தரை இவற்றில் ஒன்றை அடைய வேண்டும். காய்ந்த புல்வெளியும் மூங்கில் புதரும் கூடவே கூடாது. பாலியெஸ்டர் துணி உருகித் தோலில் ஒட்டும். நடைக்குப் பருத்தி வேட்டியும் பருத்திப் புடவையுமே நல்லவை.

இவ்வளவையும் நடப்பவர் தலையிலேயே கட்டுவது நியாயமல்ல. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஆஷ்லாந்து ஊரின் ஷேக்ஸ்பியர் விழா பிரசித்தம். 2018 கோடையில் காட்டுத் தீப் புகை ஊரைச் சூழ்ந்தபோது, பணம் நஷ்டமானாலும் பரவாயில்லை என்று திறந்தவெளி நாடகங்கள் பலவற்றை ரத்து செய்தார்கள். சிலவற்றைப் பள்ளிக்கூட அரங்குக்குள் மாற்றினார்கள். நாடகத்தைத் தள்ளிப் போடலாம், சிவராத்திரியைத் தள்ளிப் போட முடியாது என்பது சரிதான். ஆனால் நடையை நிறுத்தலாம். விருதுநகர் மாவட்டச் சதுரகிரியில் காட்டுத் தீ எரியும் நாட்களில் பக்தர்களை வனத் துறை மலையேற விடுவதில்லை. முணுமுணுப்பு எழுந்தாலும் பக்தர்கள் அடிவாரத்திலேயே கற்பூரம் கொளுத்திவிட்டுத் திரும்புகிறார்கள்.

மாதேஸ்வரன் மலையில் முழுத் தடைகூடத் தேவைப்படாது. சாலை இருக்கிறது, பஸ் இருக்கிறது. இந்தியாவின் வன அளவை நிறுவனம் செயற்கைக்கோள் மூலம் தீயைக் கண்டதும் வனத் துறையினருக்கு எச்சரிக்கை அனுப்புகிறது. அந்தச் செய்தி பாலாறு சோதனைச் சாவடியிலும் தாளுபெட்டாவிலும் கன்னடத்திலும் தமிழிலும் ஒரு கரும்பலகையில் எழுதப்பட்டால் போதும்: இன்றிரவு எந்தப் பாதையில் புகை, கடைசி பஸ் எத்தனை மணிக்கு. மலை மேல் ஒரு மண்டபத்தைக் கதவு ஜன்னல் அடைத்து, அடுப்பும் ஊதுபத்தியும் இல்லாமல், மூச்சுத் திணறுபவர்களுக்கென்று ஒதுக்கலாம். செலவு அதிகமில்லை.

கடைசியாக ஒரு கேள்வி: தீயை வைப்பது யார்? நம் காடுகளில் தானாகப் பிடிக்கும் தீ அபூர்வம். பெரும்பாலும் மனிதக் கைதான். அணைக்காமல் எறிந்த பீடி, மூன்று கல் வைத்துச் சோறாக்கிவிட்டு அப்படியே விட்டுப் போன அடுப்பு. சரணாலயத்தில் ஆபத்து விளைவிக்கும்படி தீ மூட்டுவதையும், மூட்டிய தீயை அணைக்காமல் போவதையும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 30ஆவது பிரிவு தடை செய்கிறது. இந்த மலைகளின் பழங்குடிகளான சோளகர்கள் முன்பெல்லாம் சருகு அதிகம் சேருமுன்பே சிறிய தீ வைத்து எரித்துவிடுவார்கள். 'தரகு பெங்கி' என்று அதற்குப் பெயர். அந்த வழக்கம் நின்ற பிறகுதான் உண்ணிச்செடி காட்டை மூடியது என்று பக்கத்திலுள்ள பிலிகிரி ரங்கன் மலைச் சோளகர்கள் சொல்கிறார்கள். அந்த வாதம் எப்படி முடிந்தாலும், பாதயாத்திரைக்காரர் மிச்சம் வைத்த அடுப்பு தரகு பெங்கி ஆகாது. முன்னால் போன குழு மூட்டிய தீயின் புகையைப் பின்னால் வரும் குழு சுவாசிக்கிறது.

வேண்டுதல் என்பது பெரிய விஷயம். பிள்ளைக்குக் காய்ச்சல் தீர்ந்தால் நடந்து வருகிறேன் என்று ஒரு தாய் சொல்லியிருப்பாள். புகையைக் கண்டு பஸ் ஏறினால் வாக்குத் தவறியதாகிவிடுமோ என்ற பயம் அவளுக்கு இருக்கும். அந்தப் பயத்தைத் தீர்க்கவேண்டியவர்கள் டாக்டர்கள் அல்ல. குழுவை அழைத்துப் போகும் பெரியவர்களும் கோயில் பூசாரிகளும்தான். பாதி வழியில் பஸ் ஏறுவது குற்றமில்லை, மீதி நடையை உகாதிக்கோ தீபாவளிக்கோ முடிக்கலாம் என்று அவர்கள் வாயால் ஒரு வார்த்தை வந்தால் போதும். பல பேர் நிம்மதியாக பஸ் ஏறுவார்கள். கிளம்பும் மாலையில் எல்லோரையும் நிறுத்தி, 'எதிரே எத்தனை மலை தெரிகிறது, எண்ணுங்கள்' என்று சொல்ல வேண்டியவர்களும் அவர்களே.